அறுபது மில்லிமீட்டர்

வார்ப்புக்கு மர மாதிரி செய்கிற பேட்டர்ன் கடையில் வேலை பார்த்தவன் பெட்டியில் இரண்டு அளவுகோல் இருக்கும். ஒன்று எல்லோரும் வைத்திருப்பது. மற்றது சுருக்க அளவுகோல். வார்ப்பிரும்பு உருகி அச்சுக்குள் இறங்கி ஆறும்போது மீட்டருக்குப் பத்து மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். அந்தக் குறைச்சலை முன்கூட்டியே சேர்த்து, கோடுகளைச் சற்று நீட்டிப் போட்டிருப்பார்கள். கோயம்புத்தூரில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கத்து ஃபவுண்டரிகளுக்கு மோட்டார் பம்ப் பேட்டர்ன்களை அந்த அளவுகோலை வைத்துத்தான் காலமெல்லாம் செய்தேன். கையில் இருக்கிற மரத்தைப் பார்த்து வேலை செய்யாதே, இரும்பு ஆறிய பிறகு எந்த அளவில் நிற்கும் என்று பார்த்துச் செய் என்பது என் மேஸ்திரி சொல்லிக்கொடுத்த முதல் பாடம். 2018இல் மகள் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்து, பேரனுக்குக் கட்டில் செய்ய நான் உட்கார்ந்தபோது அந்தப் பாடம்தான் கைகொடுத்தது. இரும்பு சுருங்கும், குழந்தை வளரும். அடுத்த மாதம் அவன் எப்படி இருப்பான் என்று பார்த்து இந்த மாதம் மரம் அறுக்க வேண்டியிருந்தது.

அவன் பிறந்தது ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று ஊதித் தள்ளிக்கொண்டிருந்த நேரம். ஆஸ்பத்திரியிலேயே போர்த்திய துணியை உதைத்துத் தள்ளுவான். வீட்டுக்கு வந்ததும் பாயின் தலைமாட்டில் போட்டால், காலை உந்தி உந்திச் சற்று நேரத்தில் வேறு இடத்தில் கிடப்பான். "ஏனுங்க, இவன் சும்மா கெடக்கிற ஆளில்லைங்க" என்று என் மனைவி சொன்னாள். அவள் குரலில் இருந்தது முழுக்கப் பெருமை. எனக்கு அதோடு ஒரு கவலையும் இருந்தது.

மகள் வளர்ந்ததெல்லாம் சேலைத் தொட்டிலில். ஓட்டு வீட்டு விட்டத்தில் கயிறு மாட்டி, அம்மாவின் நூல் சேலையை இரண்டு மடிப்பாகக் கட்டி, துணி மூடிக்கொள்ளாமல் நடுவில் ஒரு கட்டையைக் குறுக்கே கொடுத்துவிடுவோம். காலால் தள்ளிக்கொண்டே என் மனைவி அரிசி புடைப்பாள். அதில் குழந்தை தூங்குகிற தூக்கத்தை வேறெதிலும் நான் கண்டதில்லை. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்தக் காலத்தில் தொட்டில் பக்கத்தில் எப்போதும் ஓர் ஆள் இருந்தது. கூட்டுக் குடும்பம், யாராவது ஒருத்தர் கை கயிற்றில் இருக்கும். பேரன் வந்தபோது எங்கள் வீட்டில் இருந்தது நாங்கள் மூன்று பேர்தான், இரவில் மூன்று பேரும் களைத்துப்போவோம். பிறந்த சிசுவுக்குக் கழுத்து நிற்காது. துணி வளைந்து தொங்கும்போது முகவாய் நெஞ்சில் போய் மடங்கினால் மூச்சுக்குழல் நெருக்குப்படும் என்று குழந்தை மருத்துவர் விளக்கினார். புரளத் தெரிந்த குழந்தை சேலையிலிருந்து தலைகீழாகவும் வரும். "ஆள் முழிச்சுக்கிட்டுப் பக்கத்துல இருந்தா மட்டும் போடுங்க. ராத்திரிக்கு வேண்டாம்" என்றார்.

ராத்திரிக்குத்தான் கட்டில் தேவைப்பட்டது. தாய் படுக்கிற அதே அறையில், ஆனால் தனிப் படுக்கையில் குழந்தை தூங்க வேண்டும், குறைந்தது முதல் ஆறு மாதமாவது அப்படி இருக்கட்டும் என்பது மகளுக்குச் சொல்லி அனுப்பிய முறை. அவளுக்கு சிசேரியன். இரவில் குனிந்து தரையிலிருந்து குழந்தையை எடுக்க முடியாது.

செய்தி பரவியதும் எங்கள் சொந்தத்தில் ஒரு அண்ணன், அவர் மகன் அமெரிக்காவிலிருந்து எப்போதோ கப்பலில் அனுப்பிவைத்த பேபி காட் ஒன்று மச்சில் கிடக்கிறது, எடுத்துக்கொள் என்றார். அன்போடு கொடுத்தது. கழுவித் துடைத்துக் கொண்டுவந்து திண்ணையில் பூட்டிப் பார்த்தோம். மேப்பிள் மரம், நல்ல வேலை. ஒரு பக்கத்து அடைப்பு மட்டும் கீழே இறங்கி ஏறும். குனியாமல் குழந்தையை எடுக்க வசதிதான். ஆனால் அந்த அடைப்பைத் தாங்குவது மரமல்ல, தடத்தில் ஓடுகிற பிளாஸ்டிக் துண்டு. மச்சு வெக்கையில் இருந்து அது நொறுங்கிப்போயிருந்தது. கையால் கீழ் மூலையை உலுக்கினேன், தடத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. மேல் பக்கம் மாட்டியபடியே கீழ்ப் பக்கம் அகன்று, மெத்தைக்கும் அடைப்புக்கும் நடுவே ஒரு சந்து திறந்தது.

மகள் தன் ஃபோனில் தேடிப் படித்துக் காட்டினாள். அந்த மாதிரிக் கட்டில்களைச் செய்யவும் விற்கவும் அமெரிக்காவில் 2011 ஜூன் 28 முதல் தடை. 2000க்குப் பிறகு அந்த இறங்கு அடைப்போடு தொடர்புபட்டு குறைந்தது 32 குழந்தைகள் இறந்ததாக அங்கத்திய நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமே கணக்குச் சொல்லியிருந்தது. குழந்தை அந்தச் சந்தில் வழுக்கி இறங்கும், உடம்பு போய்விடும், தலை மாட்டிக்கொள்ளும். திண்ணையில் என் கை உலுக்கிய வேகத்தை நினைத்துப் பார்த்தேன். எட்டு மாதக் குழந்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிக்கிற குதியைவிட அது ஒன்றும் பெரிதல்ல. அண்ணனிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் யாருக்கும் கொடுக்காமல் பிரித்து விறகாக்கிவிட்டார். அதற்காக அவர்மேல் எனக்கு இன்னும் மரியாதை.

நானே செய்வதென்று முடிவானது அப்படித்தான். பழைய கதவு நிலையின் தேக்கு கொஞ்சம் வீட்டில் கிடந்தது. முற்றிய மரம், திருகாது. ஆனால் அதன்மேல் எத்தனையோ பொங்கலுக்கு அடித்த பச்சை எனாமல் அடுக்கடுக்காக ஏறியிருந்தது. பழைய எனாமல் பெயிண்டுகளில் ஈயம் சேர்த்திருப்பார்கள். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2016இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்டைச் சுரண்டினால் தூசு வீடு முழுக்கப் பரவும், சுரண்டாமல் விட்டால் குழந்தை வாயில் போகும். அந்த மரத்தைத் தொடவே இல்லை. மர டிப்போவில் புதுத் தேக்கு வாங்கினேன்.

கம்பிகளுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி விடுவது என்பதுதான் இந்த வேலையின் உயிர். பார்க்கிறவர்கள் எல்லோரும் தலையை நினைப்பார்கள், தலை நுழையாத அளவு இருந்தால் போதும் என்பார்கள். குழந்தை தலையை முதலில் விடுவதில்லை. காலை விடும், இடுப்பு நுழையும், உடம்பு தொங்கும், கடைசியில் தலைதான் நிற்கும். ஆகவே அளக்க வேண்டியது இடுப்பை. அமெரிக்க விதி 60 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது என்று நேராகச் சொல்கிறது. ஐரோப்பிய அளவும் 45க்கும் 65க்கும் நடுவில்தான். ரொம்பக் குறைத்தாலும் ஆபத்து, கை கால் சிக்கும். நான் 55 வைத்தேன். மரத்தில் அந்த அகலத்துக்கு ஒரு கட்டை இழைத்துக்கொண்டு, ஒவ்வொரு கம்பி இறங்கும்போதும் நடுவில் கொடுத்துப் பார்த்தேன். கம்பிகளை ஆணியில் நிறுத்தவில்லை. மேல் சட்டத்திலும் கீழ்ச் சட்டத்திலும் துளை போட்டு, முனையைச் செதுக்கி உள்ளே இறக்கிப் பசையிட்டேன். நான்கு மூலைகளுக்கும் போல்ட், நைலாக் நட். சாதாரண நட்டாக இருந்தால் ஆட்ட ஆட்டத் தானாகக் கழன்றுவிடும். ஸ்க்ரூவோ மரத்தின் முனையில் பிடிப்பு இழந்துவிடும்.

மகளின் நாத்தனார் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, தலைமாட்டுப் பலகையில் மயில் குடைந்து வைத்தால் அழகாக இருக்குமே என்றாள். எனக்கும் ஆசைதான், செதுக்கத் தெரியும். ஆனால் குடைந்த வேலை என்றால் இடுக்கு. கழுத்து சாய்ந்து நுழைகிற மாதிரி ஓர் இடுக்கு அமைந்துவிட்டால் போதும். மூலைக் கால்களின் மேல் குமிழும் வைக்கவில்லை, சட்டை மாட்டிக்கொண்டு தொங்கும். கால் முனையை மேல் சட்டத்தோடு ஒரே மட்டமாக இழைத்துவிட்டேன். பேட்டர்னில் கூர்மையான மூலை இருந்தால் வார்ப்பில் விரிசல் விழும், அதனால் எங்கள் கைக்கு மூலை உருட்டுவது சுவாசம் மாதிரி. கட்டிலில் கூர்முனை ஒன்றுகூட இல்லை. கடைசியில் அடித்தது பேட்டர்னுக்கு அடிக்கிற அதே அரக்கு, சாராய ஸ்பிரிட்டில் கரைத்தது. மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் மேல்பூச்சாகப் போகிற அரக்குதான் அது. ஸ்பிரிட் முழுக்க ஆவியாகி, வாசனை போன பிறகே கட்டிலை அறைக்குள் கொண்டுபோனேன்.

மெத்தைப் பலகைக்கு மூன்று மட்டம் வைத்தேன். மேல் மட்டம் சின்னக் குழந்தைக்கு. மகள் தையல் வலிக்காமல் எடுக்கலாம். கடைசி மட்டத்தில் பலகையிலிருந்து மேல் சட்டம் வரை 66 சென்டிமீட்டர். மெத்தையைப் பொள்ளாச்சி தேங்காய் நாரில் கட்டில் அளவுக்கே வெட்டி வாங்கினேன். ஓரத்தில் இரண்டு விரல் நுழையக் கூடாது. கையால் அழுத்தி எடுத்தால் பள்ளம் நிற்காமல் மேலே வர வேண்டும்.

இங்கேதான் என் மனைவிக்கும் மகளுக்கும் வழக்கு. போடியிலிருந்து வரவழைத்த இலவம்பஞ்சில் தைத்த சின்ன மெத்தை, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு உருட்டுத் தலையணை, நடுவில் கடுகு நிரப்பிய தலையணை. எல்லாம் பிரசவத்துக்கு முன்பே தயார். "ஒம் மண்டை உருண்டையா வந்ததே இந்தக் கடுகுத் தலகாணியாலதாங் கண்ணு. வெறும் பலகையில கெடக்கறாப்புல கொழந்தையைப் போட்டா ஊரு சிரிக்காதா?" என்றாள். மகள் கோபப்படவில்லை. பஞ்சுத் தலையணையை அம்மாவிடம் கொடுத்து, முகத்தைக் கவிழ்த்து மூக்கை அமுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு விட்டுப் பாருங்கள் என்றாள். வெளிவிட்ட காற்றே பஞ்சில் தங்கி, திரும்பத் திரும்ப அதையே இழுக்க வேண்டிவரும். பெரியவர்களுக்குத் தலையைத் தூக்கத் தெரியும். பச்சைக் குழந்தைக்கு அந்தப் பலம் இல்லை.

என் மனைவி முகத்தை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எனக்கு முன்னால் என் அம்மாவுக்குப் பிறந்த ஒரு பெண் குழந்தை, ராத்திரி பால் குடித்துத் தூங்கியது, விடியும்போது இல்லை. பால் புரையேறியது என்றார்கள், தோஷம் என்றார்கள். எதனால் என்று யாருக்கும் தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை. அம்மா சாகிறவரை அந்தக் குழந்தைக்கு ஒரு பெயர் வைத்துத்தான் பேசுவாள். அந்தக் கதை என் மனைவிக்கும் தெரியும். தலையணைகளை அவளே எடுத்துக் கொண்டுபோய் பீரோவில் வைத்தாள்.

மல்லாக்கப் படுக்க வைக்கிற பழக்கம் நம் வீடுகளில் பெரும்பாலும் உண்டு. மேல்நாடுகளில் வெகுகாலம் குப்புறப் போடச் சொல்லியே புத்தகங்கள் எழுதினார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 1992இல்தான் அதை மாற்றிச் சொன்னது, 1994இல் நாடு முழுக்கப் பிரசாரம் நடந்தது. தூக்கத்தில் நேர்கிற திடீர் மரணங்கள் அடுத்த பத்தாண்டுக்குள் பாதிக்கும் கீழே இறங்கின. மருந்தில்லை, கருவியில்லை. படுக்க வைக்கிற விதம் ஒன்றை மாற்றியதில் இத்தனை உயிர் மிஞ்சியிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கும்.

சுகம் வேண்டாமா என்று கேட்டால், வேண்டும். அதை என் மனைவிதான் கொடுத்தாள். என் பழைய வேட்டிகளை எடுத்து, தையல் மெஷினில் நான்கு ஓரமும் எலாஸ்டிக் வைத்து, மெத்தையைக் கவ்விப் பிடிக்கிற விரிப்புகள் தைத்தாள். எத்தனை உதைத்தாலும் சுருண்டு வராது. துவைத்துத் துவைத்து மெலிந்த வேட்டித் துணிக்கு ஈடான மென்மை கடையில் கிடைக்காது. கீழே ரப்பர் ஷீட், அதுவும் மெத்தைக்கு அடியில் நாடா போட்டுக் கட்டியது. போர்வை கிடையாது. காற்றடிக்கிற இரவுகளில் கை வைத்த சட்டை ஒன்று கூடுதலாகப் போட்டால் போதும். குளிர்கிறதா என்று கையைத் தொட்டுப் பார்க்காமல் பின்கழுத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும், கை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும்.

நாலாம் மாதம் முடிகிற சமயம் குப்புற விழுந்தான். வீடே கூடிப் பார்த்தது, அவன் அம்மிச்சியான என் மனைவி உடனே கொழுக்கட்டைக்கு மாவு எடுத்தாள். அன்றிலிருந்து துணி சுற்றிப் படுக்க வைப்பதை நிறுத்தினோம். கை உள்ளே கட்டுண்டிருக்கும்போது புரண்டால் எழும்ப முடியாது. பகலில் விழித்திருக்கும்போது தரையில் பாய் போட்டுக் குப்புற விட்டு நாங்கள் எதிரே படுத்துக்கொள்வோம். கழுத்தும் தோளும் வலுக்க அதைவிட நல்ல வழியில்லை, மண்டை தட்டையாகிவிடும் என்ற என் மனைவியின் கவலையும் அதில் தீர்ந்தது. இரவில் மல்லாக்கத்தான் போடுவோம். தானே இரண்டு பக்கமும் புரளத் தெரிந்துகொண்ட பிறகு தூக்கத்தில் குப்புறத் திரும்பினால் அப்படியே விடலாம், எழுந்து எழுந்து திருப்ப வேண்டியதில்லை என்று மருத்துவர் சொன்னது மகளுக்குப் பெரிய நிம்மதி. கட்டிலில் வேறு எதுவும் இல்லாததால்தான் அந்த நிம்மதி சாத்தியமாயிற்று.

கட்டிலுக்கு மேலே தொங்கிய பொம்மை வளையத்தை, அவன் கையூன்றி எழும்பத் தொடங்கியதும் கழற்றினேன். கழுத்துச் சங்கிலி தூங்கும்போது கழற்றப்பட்டது, அரைஞாண் கயிறு இடுப்போடு ஒட்டியிருந்ததால் விட்டுவைத்தோம். கொசுவலை பற்றி ரொம்ப யோசித்தேன். துறுதுறு குழந்தைக்கு மேலே தளர்வான வலை என்றால் இழுத்துச் சுற்றிக்கொள்வான். ஆகவே ஜன்னல்களுக்கு மரச்சட்டம் அடித்து நுண்வலை பொருத்தினேன், அறையே கொசுவலை ஆனது. கட்டிலை ஜன்னலிலிருந்தும் ஸ்விட்ச் போர்டிலிருந்தும் ஒரு கை நீளத்துக்கு மேல் தள்ளிப் போட்டேன். சுவரில் அந்தப் பக்கம் இருந்த தாத்தா படத்தை எடுத்துக் கூடத்தில் மாட்டினோம்.

மெத்தைப் பலகையை இறக்கும் வேலையை ஒவ்வொரு தடவையும் அவன் செய்து காட்டும் முன்பே செய்தேன். உட்கார முயல்வதற்கு முன் நடு மட்டம். கம்பியைப் பற்றி முழங்காலில் எழும்பப் பார்த்த அன்றே கடைசி மட்டம். "இன்னும் நிக்கவே இல்லையே அப்பா, இப்பவே எதுக்கு?" என்றாள் மகள். நிற்கிற அன்றைக்கு நாம் பக்கத்தில் இருப்போமா என்று தெரியாதே சாமி என்றேன். அவன் நின்றது ஒரு விடியற்காலை, எல்லோரும் தூங்கும்போது. மேல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு "ப்பூ, ப்பூ" என்று கத்தித்தான் எங்களை எழுப்பினான். அப்புச்சி என்று என்னைத்தான் கூப்பிட்டான் என்று நான் நம்புகிறேன்.

பிறகு குதிக்க ஆரம்பித்தான். மாதத்துக்கு ஒரு தடவை ஸ்பேனரை எடுத்து எல்லா போல்ட்டையும் தொட்டுப் பார்ப்பேன். பல் முளைத்ததும் மேல் சட்டத்தை நன்றாகக் கடித்தான். சின்னச் சின்னப் பல் தடங்கள். சிலும்பு எழுந்த இடங்களை நைஸ் உப்புத்தாளில் தேய்த்து மறுபடி அரக்குப் பூசினேன். தடங்களை முழுக்க அழிக்க மனம் வரவில்லை, ஆழமானவற்றை விட்டுவிட்டேன்.

இரண்டு வயது தாண்டிய பிறகு ஒரு நாள் வலது காலைத் தூக்கி மேல் சட்டத்தில் போட்டுப் பார்த்தான். சட்டம் அவன் நெஞ்சுக் குழிக்குக் கீழே வந்துவிட்டிருந்தது. 89 சென்டிமீட்டர் உயரத்தோடு இந்த மாதிரிக் கட்டிலின் ஆயுள் முடிகிறது என்பார்கள், அவன் அதற்குக் கொஞ்சம் முன்பே முடித்துவைத்தான். உயரமான அடைப்பு அதுவரை காவல், இனி விழுகிற உயரம். அன்று மாலையே பிரித்தேன். தரையோடு தரையாக மெத்தையைப் போட்டதும் அவனுக்குக் கொண்டாட்டம்.

போன வருடம் தங்கச்சி மகன் வீட்டில் குழந்தை என்றதும் கட்டிலைக் கேட்டார்கள். பசையிட்ட இணைப்பு ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்தேன், ஒன்றும் அசையவில்லை. 55 மில்லிமீட்டர் கட்டையை எடுத்துக் கம்பிகளுக்கு நடுவே மறுபடி ஓட்டினேன். நட்டுகளை மாற்றினேன், ஒரு தடவை கழற்றிய நைலாக் நட் பழைய பிடிப்போடு நிற்காது. பலகையை எப்போது எந்த மட்டத்துக்கு இறக்குவது என்பதைத் தாளில் எழுதி அவர்களிடம் கொடுத்தேன். மெத்தை கேட்டார்கள். அது ஒரு குழந்தையைத் தாங்கி நடுவில் அமுங்கியிருந்தது, கொடுக்கவில்லை. கட்டில் அளவைச் சொல்லி, புதிதாக வெட்டி வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.